முன் பிரேக் ஹோஸை மாற்றுவதும் முழுமையாக ஏர் எடுப்பதும்

மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் லீவர் ஈரப் பஞ்சை அழுத்துவதுபோல் மெத்தென்று இருந்தால், பெரும்பாலானோர் முதலில் பிரேக் பேடைத்தான் சந்தேகிக்கிறார்கள். டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் தானாகவே முன்னே நகர்ந்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ஆகவே பேட் தேய்ந்ததால் மட்டும் லீவர் மெத்தென்று ஆகிவிடாது. அப்படி ஆவதற்குப் பிரேக் ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்க வேண்டும், அல்லது அந்த ஆயிலைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ் வயதாகி அழுத்தத்தில் உப்ப வேண்டும். பல வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஹோஸைக் கழற்றினால் எப்படியும் காற்று புகும் என்பதால், ஹோஸ் மாற்றுவதும் ஏர் எடுப்பதும், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றுவதும், ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

இந்த வேலையில் நினைவில் வைக்க வேண்டிய இயற்பியல் மிகச் சிறியது. நீர்மத்தை அழுத்தினால் அது சுருங்காது. கையின் விசையை அப்படியே காலிப்பருக்குக் கொண்டுபோகும். காற்றை அழுத்தினால் அது சுருங்கும். கையின் விசையில் பெரும்பகுதி அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். அடுத்ததாக, ஆயிலுக்குள் இருக்கும் காற்று எப்போதும் மேலே ஏறவே பார்க்கும். நாம் வழக்கமாக ஏர் எடுக்கும்போதோ மேலிருந்து கீழே தள்ளுகிறோம். மேலே ஏற விரும்பும் ஒன்றைக் கீழே இறக்குகிறோம் என்பது மனதில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் தொல்லைகளில் முக்கால்வாசிக்கு விடை நமக்கே தெரியும்.

ஹோஸ் கெட்டுவிட்டதா என்று அறிவது

வண்டியை நிறுத்தி, மற்றொருவரை லீவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஹோஸை விரல்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அது லேசாகப் பருப்பது விரலில் தட்டுப்பட்டால் உள்ளே இருக்கும் இழைப் பின்னல் தளர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஹோஸை இருபுறமும் மெல்ல வளைத்து, வெளித்தோலில் கீறல் விட்டிருக்கிறதா, இரும்பு முனை ரப்பருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹோஸையும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லிப் பல வண்டிகளின் கையேடுகள் வழிகாட்டுகின்றன. ஆயிலையாவது மாற்றுகிறார்கள், ஹோஸை அது வெடிக்கும்வரை யாரும் நினைப்பதில்லை.

வெளியே எந்தக் குறையும் தெரியாமல் உட்புறம் மட்டும் கெட்டுப்போவதும் உண்டு. உள்சுவர் வீங்கி வழி குறுகிவிட்டால், லீவரின் வலுவான அழுத்தம் ஆயிலைக் காலிப்பருக்குள் தள்ளிவிடும். லீவரை விட்ட பிறகு அது திரும்பி வர முடியாமல் அங்கேயே தங்கும். சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும், டிஸ்க் சூடாகும். குற்றம் ஹோஸில்தானா என்று உறுதிசெய்ய ஓர் எளிய வழி இருக்கிறது. சக்கரம் பிடித்திருக்கும் நிலையில், லீவரோடு சேர்ந்து ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் இணையும் போல்ட்டைத் துணி சுற்றிச் சிறிது தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. அப்போதும் விடுபடாமல், காலிப்பரின் ஏர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் துளையுள்ள சிறு திருகு) திறந்த பிறகே விடுபட்டால் குற்றம் ஹோஸினுடையது. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் காலிப்பரின் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் உலோகப் பின்னோ துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. ஹோஸை மாற்றிப் பயனில்லை.

ஆயிலும் கருவிகளும்

எந்தப் பிரேக் ஆயில் என்பது மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள ஆயில் கப்பின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைகால் வகையைச் சேர்ந்தவை. டாட் 5 மட்டும் சிலிகான் வகை. எண்ணைப் பார்த்து அது 4-ஐ விட உயர்ந்தது என்று எண்ணி ஊற்றிவிடக் கூடாது, இவ்விரண்டு வகைகளும் கலக்கக் கூடாதவை. கிளைகால் வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் நீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து வரும்போது பழைய ஆயில் கொதித்து ஆவியாகி, லீவர் திடீரென்று உள்ளே போவதற்குக் காரணம் இதுதான். ஆகவே முத்திரை உடைக்காத புதிய புட்டியையே வாங்குங்கள். எப்போதோ திறந்து அலமாரியில் வைத்த பாதிப் புட்டி இந்த வேலைக்கு உதவாது.

ஹோஸுடன் புதிய காப்பர் அல்லது அலுமினிய வாஷர்களையும் கட்டாயம் வாங்க வேண்டும். ஹோஸின் வளைய முனையைப் பிடித்திருக்கும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாஷர்கள் தேவை. ஒரே போல்ட்டில் இரண்டு ஹோஸ்கள் அடுக்கப்பட்டிருந்தால் மூன்று. இந்த வாஷர்கள் ஒருமுறை நசுங்கி உட்கார்ந்து அடைக்கவே செய்யப்பட்டவை. பழையதையே திரும்பப் போட்டு, கசிகிறதே என்று மேலும் மேலும் முடுக்கிக் கடைசியில் காலிப்பரின் மரையைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பான்ஜோ போல்ட்டையும் மாற்றுவதானால் மரையின் அளவைச் சரிபாருங்கள்: 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளிலேயே 1.25 இடைவெளி மரையும் 1.0 இடைவெளி மரையும் புழக்கத்தில் உள்ளன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று இரண்டு சுற்று போவதுபோல் போய், பிறகு மரையைத் தின்றுவிடும்.

இவை தவிர, நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளில் 8 மில்லிமீட்டர்), பான்ஜோ போல்ட்டுக்கு 12 அல்லது 14 சாக்கெட், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் ஒளி ஊடுருவும் குழாய், ஒரு புட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச், நிறையத் துணி, ஒரு வாளித் தண்ணீர், பிரேக் கிளீனர் ஆகியவை போதும். தண்ணீர் எதற்கு என்றால், பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைத்துவிடும். சிந்திய உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பெயின்ட் பிழைத்துவிடும். துணியால் தேய்த்தால் இன்னும் பரவும். பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ பிரேக்கின் உட்பகுதிகளுக்கு அருகே கொண்டுவராதீர்கள். அங்குள்ள ரப்பர் சீல்கள் அவற்றால் ஊதிப்போகும்.

கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில் பாரைத் திருப்பி ஆயில் கப் மட்டமாக இருக்கும்படி செய்யுங்கள். டாங்கையும் மட்காடையும் தடித்த துணியால் மூடுங்கள். எதையும் கழற்றும் முன் முதலில் காலிப்பரின் நிப்பிள் திறக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். துளையிட்ட மெல்லிய உடல் என்பதால், துருப்பிடித்த நிப்பிள் திருகும்போது எளிதில் முறிந்துவிடும். ஹோஸைக் கழற்றிப் போட்ட பிறகு அது முறிந்தால் வண்டி அன்றைக்கு அங்கேயேதான் நிற்கும். ஆறு பக்க ரிங் ஸ்பேனரை முழுதாக உட்கார வைத்து, சிறிது தளர்த்தி, உடனே மூடிவிடுங்கள். அசையவில்லை என்றால் துரு தளர்த்தும் எண்ணெயை நிப்பிளின் அடியில் மட்டும் ஒரு சொட்டு விட்டு, டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் பார்த்துக்கொண்டு, மறுநாள் வரை பொறுத்திருப்பது நல்லது.

பழைய ஹோஸ் எந்த வழியாகப் போகிறது, எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது, இரு முனைகளிலும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பல புகைப்படங்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆயில் கப்பின் மூடி. அதிலுள்ள இரண்டு சிறிய திருகுகள் பார்ப்பதற்குச் சாதாரணமானவை. இந்த வேலையில் அதிகமான பேர் தடுக்கி விழுவது அங்கேதான். அலுமினியத்துக்குள் ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன மென்மையான திருகு அது. தலைக்குச் சற்றே சிறிய ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினால், முனை வழுக்கி மேலேறி, தலையிலுள்ள சிலுவைப் பள்ளம் ஒரே நொடியில் வட்டக் குழியாகிவிடும். பள்ளத்தில் ஆடாமல் நிற்கும் அளவுள்ள ஸ்க்ரூ டிரைவரைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்புறத்தில் சுத்தியலால் இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டி, பிறகு உடல் எடையைக் கீழே கொடுத்தபடியே திருப்புங்கள். முதல் அசைவில் 'டக்' என்ற சிறு ஒலி கேட்கும். அதற்குப் பிறகு அச்சமில்லை.

மூடியின் கீழுள்ள ரப்பர் விரிப்பை எடுத்ததும் கப்பின் அடியைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பெரிய துளையும், குண்டூசி முனை அளவில் ஒரு சிறிய துளையும் தெரியும். லீவரை விட்டதும் சூட்டில் விரிந்த ஆயில் கப்புக்குத் திரும்பி வருவது அந்தச் சிறிய துளை வழியாகத்தான். அதைக் கசடு அடைத்துவிட்டால் பிரேக் விடாமல் பிடிக்கும். பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, கப்பின் அடியைப் பஞ்சு விடாத துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி ஹோஸ். கீழே புட்டியை வைத்துக் காலிப்பர் பக்கப் போல்ட்டை முதலில் கழற்றி ஆயிலை வடிய விட்டு, பிறகு மேல் போல்ட்டைத் துணி சுற்றிக் கழற்றுங்கள். அதன் பின் லீவரைத் தொடாதீர்கள்.

மாட்டுதல்

புதிய ஹோஸை வைக்கும் முன் காலிப்பரிலும் மாஸ்டர் சிலிண்டரிலும் அது உட்காரும் முகத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். நசுங்கிய பழைய வாஷர், அழுக்கும் பெயின்ட்டும் படிந்து, அந்த உலோகத்தின் ஒரு பகுதியைப் போலவே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதிய வாஷரை வைத்து முடுக்கிய ஒரு வண்டியில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று நான் வெகுநேரம் தேடியிருக்கிறேன். நகத்தால் விளிம்பைத் தடவினால் மெல்லிய படி ஒன்று தட்டுப்படும். முகத்தில் கீறல் விழாமல் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

ஹோஸை முழு வழியிலும் ஓட்டி, இரு முனைகளிலும் வளையத்தின் மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக வாஷர்களை வைத்து, போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். இப்போது ஹேண்டில் பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் எங்கும் இழுபடக் கூடாது, முறுக்கிக்கொள்ளக் கூடாது, டயரில் உரசக் கூடாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் முன் போர்க் (fork) முழுதாக நீண்ட நிலையிலும், அழுத்திப் போர்க் சுருங்கிய நிலையிலும் அதே சோதனை. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். எஃகு பான்ஜோ போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை கேட்பார்கள். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். அலுமினியப் போல்ட்டுகளுக்கு அளவு இதைவிடக் குறைவு. முடுக்கும்போது ஹோஸின் முனை சேர்ந்து சுழலாமல் மற்றொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏர் எடுத்தல்

கப்பில் புதிய ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள். நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனை புட்டியிலுள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். ஹோஸ் முற்றிலும் காலியாக இருப்பதால் தொடக்கத்தில் லீவரில் எந்த எதிர்ப்பும் இருக்காது. நிப்பிளைத் திறக்காமலேயே, லீவரின் முதல் சில மில்லிமீட்டர் அசைவை மட்டும் மெல்ல மெல்லக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கப்பின் சிறிய துளையிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருவதைக் காணலாம். மேலே ஏற விரும்பும் காற்றை அதன் போக்கிலேயே வெளியேற விடுகிறோம். சிலர் இதை ஒரு நிமிடம் செய்துவிட்டுப் பொறுமையிழந்து கீழே போய்விடுகிறார்கள். ஐந்து பத்து நிமிடங்கள் இங்கே செலவிட்டால் கீழே பாதி வேலை குறையும். அவ்வப்போது ஆயில் பீய்ச்சியடிக்கும் என்பதால் மூடியைக் கப்பின் மேல் சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வழக்கமான முறை. லீவரை இரண்டு மூன்று முறை மெல்ல அடித்து அழுத்திப் பிடியுங்கள். பிடித்த நிலையிலேயே நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் லீவர் உள்ளே இறங்கும், குழாயில் ஆயிலும் குமிழியும் ஓடும். லீவர் கடைசி வரை போவதற்கு முன் நிப்பிளை மூடி, அதன் பிறகே லீவரை விடுங்கள். மூடும் முன் லீவரை விட்டால் வெளியே போன காற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வோம். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் லீவருக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு சிறிய மரத்துண்டை வைப்பது நல்லது. வழக்கமாக பிஸ்டன் போகாத ஆழத்தில் படிந்திருக்கும் துருவும் அழுக்கும் சீலைக் கிழிக்காமல் அது காக்கும்.

கப்பில் ஆயில் குறைவதைக் கண்காணிப்பது இந்தக் கட்டத்தின் உயிர். 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிலிட்டர் ஆயில் வெளியேறும். கேட்கும்போது சிறிதாகத் தெரிந்தாலும், கப்பும் பெரிதல்ல; பத்துப் பதினைந்து முறையில் அடி தெரிந்துவிடும். குழாயில் குமிழி நின்றுவிட்டதா என்பதிலேயே கண்ணை வைத்திருந்து, கப் காய்ந்ததைக் கவனிக்காமல், முடியும் தறுவாயில் இருந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை எனக்கு நேர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து ஐந்து முறைக்கு ஒருமுறை, தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும், கப்பைப் பார்த்து நிரப்பிவிட்டே தொடர்கிறேன்.

புதிய ஹோஸில் எவ்வளவு அடித்தாலும் ஆயில் இறங்கவில்லை என்றால் தலைகீழாகச் செய்து பாருங்கள். கப்பிலுள்ள ஆயிலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, சிரிஞ்சில் புதிய ஆயிலை நிரப்பி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, நிப்பிளில் மாட்டித் திறந்து, கீழிருந்து மிக மெதுவாகத் தள்ளுங்கள். காற்று தன் இயல்பான திசையில் மேலே போய்க் கப்பில் வெளிவரும். கப் வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எடுத்த பழைய ஆயில் கறுத்து, கசடாக இருந்திருந்தால் இந்த முறை வேண்டாம். காலிப்பரின் கசடு மேலேறி அந்தக் குண்டூசித் துளையை அடைத்துவிடும்.

ஒளிந்திருக்கும் காற்று

குழாயில் குமிழியே வரவில்லை, ஆயில் தெளிந்த இளமஞ்சளாக வருகிறது, இருந்தும் லீவர் மெத்தென்றே இருக்கிறது என்ற நிலை பலருக்கும் வரும். காற்று எங்கே போகும் என்று யோசியுங்கள்: உயரமான இடத்துக்குத்தான். பெரும்பாலான வண்டிகளில் அது மாஸ்டர் சிலிண்டரின் பான்ஜோ போல்ட். அங்கே தங்கிய குமிழியைக் கீழே எவ்வளவு ஆயில் ஓடினாலும் இழுத்து வர முடியாது. துணியை நன்றாகச் சுற்றி, லீவரை அழுத்திப் பிடித்து, அந்தப் போல்ட்டை ஒரு சிறு இழை தளர்த்தி உடனே முடுக்குங்கள். 'புஸ்' என்று நுரையோடு ஆயில் வெளிவந்தால் குற்றவாளி அதுதான். கடைசியில் டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

காலிப்பரில் நிப்பிள் உச்சியில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலும் காற்று தங்கும். அப்படியானால் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கிடையே டிஸ்க்கின் கனமுள்ள மரப்பலகையைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்துக்கொண்டு ஏர் எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் காலிப்பரையும் ஹோஸையும் தட்டினால் சுவரில் ஒட்டிய நுண்குமிழிகள் விடுபடும்.

லீவரை இரவு முழுவதும் கயிற்றால் கட்டி வைப்பதும் பயன் தரும். சிதறிய குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கி, மெல்ல ஏறி மாஸ்டர் சிலிண்டரை அடைந்துவிடும். காலையில் கயிற்றை அவிழ்த்ததும் கப்புக்குள் வெளியேறும். அவிழ்த்த கையோடு லீவர் கல்போல் இருப்பதைக் கண்டு திருப்தியடைந்துவிடாதீர்கள். சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மீண்டும் பிடித்துப் பார்க்கும்போதும் அதே உறுதி இருந்தால்தான் காற்று போய்விட்டது.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் நடுவே வால்வுகள் கொண்ட ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அதற்குள் காற்று புகுந்தால் சில மாடல்களில் கண்டறியும் கருவியை இணைத்து அந்த வால்வுகளை இயக்கினால்தான் வெளியேறும். ஆகவே அத்தகைய வண்டியில் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்த பின்னரே ஹோஸில் கை வையுங்கள்.

சோதித்தல்

நிப்பிளை அளவாக முடுக்கி (6 நியூட்டன் மீட்டர் அளவுதான் பல வண்டிகளில் கேட்கப்படுகிறது, மணிக்கட்டின் விசையே போதும்), ரப்பர் தொப்பியை மாட்டி, கப்பை மேல் கோடு வரை நிரப்பி மூடுங்கள். இரு பான்ஜோ போல்ட்டுகளையும் நிப்பிளையும் நன்றாகக் கழுவி, துடைத்து உலர்த்திவிட்டு, டிஷ்யூ தாளைச் சுற்றுங்கள். லீவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். லீவர் மெல்ல உள்ளே நழுவக் கூடாது, தாளில் ஈரம் படக் கூடாது. லீவர் நழுவுகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருக்கிறது; அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். லீவரை விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும்.

டிஸ்க்கில் ஆயில் தெறித்திருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடலாம். பேடில் ஊறியிருந்தால் அதைச் சுத்தம் செய்து பயன்படுத்தும் முயற்சியே வேண்டாம். புதிய பேட் போடுங்கள்.

முதல் ஓட்டம் வெறிச்சோடிய இடத்தில், நடக்கும் வேகத்தில் இருக்கட்டும். பின் பிரேக்கில் கால் தயாராக இருக்கட்டும். முன் பிரேக்கை மெதுவாகவும் பிறகு படிப்படியாக வலுவாகவும் ஐந்தாறு முறை பிடித்துவிட்டுத் திரும்பி வந்து டிஷ்யூ சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். எடுத்த பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் புட்டியில் மூடி வைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன், எதையும் அடித்துத் தயார் செய்யாமல், லீவரை ஒரே ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அந்த முதல் பிடியில் அது நேற்று நின்ற இடத்திலேயே நின்றால் வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்; ஒரு விரல் அளவு கூடுதலாக உள்ளே போனால், மேல் பான்ஜோவிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.